ஒன்பதாம் மாதத் தடுப்பூசி: கட்டாயமாக்கினால் பயம் போய்விடுமா?

செஞ்சித் தென்றல் | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டாவது பையனுக்கு ஒன்பது மாதம் முடியப்போகிறது. வரும் புதன்கிழமை எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசிக்கு வரச்சொல்லி எங்கள் ஊர் நர்ஸம்மா அட்டையில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார். இதுவரை போட வேண்டிய எல்லாவற்றையும் போட்டுவிட்டோம். இந்த ஒன்றை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

2017 பிப்ரவரியில் என் மூத்த மகள் ஒன்றாம் வகுப்பு படித்தாள். தமிழ்நாடு முழுக்க ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி என்றார்கள். அந்த வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே, "பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க" என்கிறாள். பின்னாலேயே வரிசையாக வந்தன: ஊசியில் பாதரசம் இருக்கிறது, பெண் பிள்ளைக்குப் பிற்காலத்தில் கரு தங்காது, ஆட்டிசம் வரும். பள்ளியில் போய்க் கேட்டேன். "மேலிடத்து உத்தரவு, எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்றார்கள். அந்தப் பதிலில்தான் என் பயம் இரண்டு மடங்கானது. மூன்று நாள் மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அவளுக்கு அந்த ஊசி போடவே இல்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பு.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. மாமியார், "அம்மை ஆத்தா கொடுக்கிறது, வந்தால் வேப்பிலை வைத்துப் பார்த்துக்கொள்வோம்" என்கிறார். கொழுந்தனார், "இதையெல்லாம் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கணும், போடாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமே கொடுக்கக்கூடாது" என்கிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் ஒட்டவில்லை. இந்த ஊசி எவ்வளவு பாதுகாப்பானது, அரசு இதைக் கட்டாயமாக்கலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "படித்தவள்தானே, இதுகூடத் தெரியாதா" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதை நிறையக் கேட்டுவிட்டேன்.

---

நெக்கர்க்கரைக் கண்ணன் | ஞாயிறு, இரவு 10.25

உங்கள் கொழுந்தனார் கட்சியில் நானும் ஒருவன். பன்னிரண்டு ஆண்டாக ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே 2020 மார்ச் 1 முதல் தட்டம்மை ஊசி சட்டப்படி கட்டாயம். ஒரு வயது தாண்டிய பிள்ளையை மழலையர் காப்பகத்தில் சேர்க்க வேண்டுமென்றால் ஊசி அட்டையைக் காட்ட வேண்டும். பள்ளி வயதில் பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது, ஏனென்றால் இங்கே பள்ளிக்குப் போவதே கட்டாயம். அதனால் பெற்றோருக்கு 2,500 யூரோ வரை அபராதம். உடல்நிலை காரணமாகப் போட முடியாத பிள்ளைக்கு விலக்கு உண்டு. சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள், அரசியல் சாசன நீதிமன்றம் 2022-இல் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். ஊசி போடும் வயது வரவில்லை. அவளைப் போன்ற குழந்தைகளுக்குச் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு. தட்டம்மை வந்த ஒருவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். என் பிள்ளையின் உயிர் அடுத்த வீட்டுக்காரரின் முடிவில் இருக்கும்போது, "அது அவரவர் விருப்பம்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

---

பாலாற்றங்கரை | ஞாயிறு, இரவு 11.10

நான் எதிர்த்துப் பேசப்போகிறேன். தடுப்பூசிக்கு எதிரி இல்லை, கட்டாயத்துக்கு எதிரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ஊசியைப் பற்றிக் கேள்வி கேட்டாலே படிக்காதவன், வாட்ஸ்அப் பார்த்துக் கெட்டவன் என்கிறார்கள். 1955-இல் இதே சென்னை மாகாணத்தில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர் ராஜாஜி. அதற்கு முந்தைய ஆண்டுவரை முதலமைச்சராக இருந்தவர். உயிருள்ள கிருமியை லட்சக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் செலுத்துகிறீர்களே, பலன் உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார், தனி நூலே எழுதினார். மத்திய சுகாதார அமைச்சர் அம்ருத் கௌர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1968-இல் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகத்திலேயே பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. திருவள்ளூரையும் சுற்றியிருந்த இருநூற்றுச் சொச்சம் ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டார்கள். என் அப்பா அப்போது சிறுவன். முன்கையில் ஊசி குத்தி, மூன்றாம் நாள் வந்து வீங்கிய இடத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போனதை இன்னும் சொல்வார். ஏழரை ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆக, கேட்ட கேள்வியில் நியாயம் இருந்திருக்கிறது.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய்மார்களிடம் போய் "கட்டாயம்" என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் கோவிட் ஊசி வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சாசனம் தந்தது என்றுதான் சொன்னது.

---

பிள்ளைத்தமிழ் | திங்கள், காலை 6.15

குழந்தை மருத்துவன். புறநோயாளிகள் வருவதற்குள் முடிந்தவரை எழுதுகிறேன்.

பாலாற்றங்கரை சொன்ன செங்கல்பட்டு ஆய்வு உண்மை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். பெரியவர்களைக் காக்காத அதே ஊசி, கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடம்பு முழுக்கப் பரவும் காசநோயையும் நன்றாகத் தடுக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் இடது தோளில் போடுகிறோம். ஒரு ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துச் சொன்னதே அந்த ஆய்வின் பயன். உச்ச நீதிமன்றமும் அதே கோவிட் தீர்ப்பில், குழந்தைகளுக்குக் கோவிட் தடுப்பூசி போடும் அரசின் முடிவு உலக அறிவியல் கருத்தோடு ஒத்துப்போகிறது என்று சேர்த்தே சொல்லியிருக்கிறது.

சரி, தென்றல் கேட்டதற்கு வருகிறேன்.

ஆட்டிசம் கதை 1998-இல் இங்கிலாந்தில் பிறந்தது. வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் பன்னிரண்டே பன்னிரண்டு குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஊசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞர் தரப்பிடம் அவர் பணம் வாங்கியிருந்தது பிறகு வெளியே வந்தது. குழந்தைகளின் விவரங்களையும் திரித்திருந்தார். அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரையும் நீக்கினார்கள். அதற்குள் இங்கிலாந்தில் ஊசி போட்ட குழந்தைகள் நூற்றுக்கு எண்பது என்ற அளவுக்கு இறங்கி, ஒழிந்தது என்று நினைத்த தட்டம்மை திரும்பி வந்துவிட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்ட குழந்தைக்கும் போடாத குழந்தைக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை.

எம்.ஆர். ஊசியில் பாதரசம் கிடையாது. அது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி. பாதரசச் சேர்மம் சேர்த்தால் அந்தக் கிருமியே செத்துப்போய் ஊசி பயனில்லாமல் போய்விடும்.

பக்க விளைவு உண்டா? உண்டு. ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் காய்ச்சல் வரலாம், மேலுக்கு லேசாகப் பொரியலாம். மூவாயிரம், நாலாயிரம் பேரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் கடும் ஒவ்வாமை வரலாம். அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான். ஊசி போட்டதும் கிளம்பிவிடாதீர்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். படிப்பில் கெட்டியாக இருந்தவன், கையெழுத்துக் கோணியது, நடக்கும்போது திடீர் திடீரென்று தலை தொங்கியது. ஒரு வயதுக்குள் தட்டம்மை வந்து போயிருந்தது. கிருமி மூளையில் தங்கி ஏழு ஆண்டு கழித்து எழுந்திருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. அவன் அப்பா, "அப்போ அம்மை நல்லா இறங்கிடுச்சே டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

---

சுசீலா நர்ஸ் (ஓய்வு) | திங்கள், காலை 11.40

தென்றல் கண்ணு, முப்பத்தொரு வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விழுப்புரம் பக்கம்தான். டாக்டர் மருத்துவத்தைச் சொல்லிவிட்டார். நான் ஊசி போடும் இடத்தைச் சொல்கிறேன்.

புதன்கிழமை காலையில் ஐஸ் பெட்டியில் நாலு பக்கமும் உறைந்த பொட்டலம் வைத்து, நடுவில் சீசாக்களை அடுக்கி எடுத்துப்போவோம். எம்.ஆர். மருந்து பொடியாக இருக்கும், கூடவே கரைக்கும் நீர் தனியாக வரும். சீசாவின் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள்ளே ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நீ கேட்டால் எந்த நர்ஸும் காட்டுவாள், காட்டவும் வேண்டும். கரைத்த நேரத்தைச் சீசா மேலேயே எழுதுவோம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரே ஒரு குழந்தைக்குப் போட்டிருந்தாலும் மீதியைக் கொட்டிவிட வேண்டும். கரைத்த மருந்தில் கிருமி சேர்ந்துவிட்டால் சில மணி நேரத்தில் குழந்தை உயிருக்கே ஆபத்து. ஊசியும் ஒருமுறை அழுத்திவிட்டால் மறுபடி இழுக்க வராத வகை. குழந்தைக்கு ஒன்று, புதுசு, உன் கண் முன்னால் பிரிக்க வேண்டும். வலது மேற்கையில் போடுவார்கள்.

திருவள்ளூர் செய்தி வந்த அன்றைக்கு நான் பக்கத்து மாவட்டத்தில் வேலையில் இருந்தேன். அன்று ராத்திரி தூங்கவில்லை. காலையில் என் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீசாவாக லேபிளைப் படித்துப் படித்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரங்களில் ஊருக்குள் போனால், பத்து வருஷமாகத் "தங்கச்சி, தண்ணி குடி" என்று கூப்பிட்ட வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கோபமே வரவில்லை எனக்கு. நானும் ஒரு தாய்தானே.

அப்புறம் அரசு ஒரு முடிவெடுத்தது. கிராமத்துக்குள் ஊசி போட வேண்டாம், டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடு என்றார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, குறை சொல்லவில்லை. ஆனால் களை எடுக்கப் போகும் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருந்தது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06-இல் நூற்றுக்கு 80.9. பத்து வருஷம் கழித்து, 2015-16-இல் 69.7. நம் மாநிலமா இப்படி என்று எங்கள் கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு ஊசி மறுபடி ஊருக்குள் வந்தது. 2019-21 கணக்கெடுப்பில் 89.2 ஆனது. என் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், விடுபட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் எதிர்ப்பால் விடுபட்டவர்கள் இல்லை. தூரம், கூலி, பஸ். சட்டம் போட்டிருந்தால் அந்தக் களை எடுக்கும் பெண்ணுக்குத்தான் அபராதம் போயிருக்கும்.

---

நெக்கர்க்கரைக் கண்ணன் | திங்கள், மதியம் 2.05

அம்மா, நீங்கள் சொன்ன கடைசி வரி என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஜெர்மனியில் சட்டம் வந்தபோது தெருவுக்குத் தெரு குழந்தை மருத்துவர் இருந்தார். அந்த வித்தியாசத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் வசதி இருந்தும் போடாதவர்கள் இருக்கிறார்களே? 2016-இல் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே பஸ் இல்லாததா காரணம்?

---

பாலாற்றங்கரை | திங்கள், மாலை 6.30

நர்ஸம்மாவுக்கு வணக்கம். 2008-ஐப் பற்றி உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் இப்படி மனம் திறந்து எழுதி இதுவரை படித்ததில்லை.

நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு நாலாவது மாதம் ஐந்து நோய்க்கான ஊசி போட்ட அன்று இரவு, பதினொரு மணிக்கு மேல் கண் மேலே செருகிவிட்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு நிமிடமா ஐந்து நிமிடமா தெரியாது, என் மனைவி அவனை மடியில் போட்டுக்கொண்டு போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பைக்கில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு மருத்துவமனையில், "ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொன்னார்கள். எதிலும் எழுதவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அடுத்த ஊசிகளை ஒரு வருடம் நிறுத்தினேன். ஊசி மேல் இருந்த பயத்தைவிட, என் வாயை அடைத்த கோபம்தான் அதிகம். பையன் இப்போது நன்றாக இருக்கிறான், எல்லா ஊசியும் பிறகு போட்டாயிற்று.

என் கேள்வி இவ்வளவுதான். கட்டாயப்படுத்தும் அரசு, ஊசியால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்யும்? அமெரிக்காவில் 1986-இலேயே இதற்கு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. ஜெர்மனியில் என்ன நிலை என்று கண்ணன்தான் சொல்ல வேண்டும். இங்கே வழக்கமான தடுப்பூசிகளுக்கென்று அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. பத்து லட்சத்தில் ஒன்று என்கிறார் டாக்டர், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது?

---

பிள்ளைத்தமிழ் | திங்கள், இரவு 8.50

உங்களிடம் நடந்துகொண்ட விதம் தவறு. மருத்துவன் என்ற முறையில் வருந்துகிறேன்.

அந்த ஊசியில் கக்குவான் இருமல் கிருமியை முழுதாகக் கொன்று சேர்த்திருக்கிறார்கள். அதனால் அன்று இரவே காய்ச்சல் அடிப்பது சாதாரணம், சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். "சம்பந்தமே இல்லை" என்று சொன்னது மருத்துவமே இல்லை. குழந்தையைப் பார்த்து, பதிவு செய்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் வழியாக மாவட்டத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். இப்படி வரும் அறிக்கைகளை ஆராயத் தனிக் குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் சொன்ன 2022 தீர்ப்பிலேயே, பக்க விளைவுகளை மக்கள் நேரடியாகத் தெரிவிக்க வழி வேண்டும், விவரங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற உத்தரவும் இருக்கிறது. அடுத்த தவணையை எச்சரிக்கையோடு போடலாமா, வேறு வகை ஊசிக்கு மாற்றலாமா என்று உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பதிவு செய்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவில் 1998-இல் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு ஒரு சொட்டு மருந்து வந்தது. சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதை மருத்துவர்கள் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினார்கள். பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். ஒரே ஆண்டில், 1999-இல், மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரோ ஒரு மருத்துவர் "சம்பந்தமில்லை" என்று சொல்லாமல் எழுதிவைத்ததால்தான் அது தெரிந்தது.

---

வேலூர் பிரபா | திங்கள், இரவு 10.35

எல்லோரும் தட்டம்மையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஊசியின் பெயரில் இரண்டாவது எழுத்து ரூபெல்லா. அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் தம்பி 1994-இல் பிறந்தான். அவன் வயிற்றில் மூன்றாம் மாதமாக இருந்தபோது அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், மேலுக்குச் சின்னதாகப் பொரி. கசாயம் குடித்துச் சரியாகிவிட்டது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தம்பி பிறந்தபோது இரண்டு கண்ணிலும் புரை, இதயத்தில் ஓட்டை. காது கேட்காது என்பது ஒன்றரை வயதில்தான் தெரிந்தது, தீபாவளி வெடிக்கு எல்லாக் குழந்தையும் அழ, அவன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் புரையோடு வந்த குழந்தைகளைச் சோதித்தபோது, கருவில் தாக்கிய ரூபெல்லா ஒரு முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதைப் பல ஆண்டு கழித்து ஒரு மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததுதான் காரணம் என்று ஊரே சொன்னது. அம்மாவும் நம்பினாள்.

அம்மா மாவாட்டும்போது தம்பி வந்து கிரைண்டர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். அந்த அதிர்வு அவனுக்குப் பிடிக்கும். முப்பது வயதாகிறது, இன்றைக்கும் நிற்கிறான்.

தென்றல் அக்கா, உங்கள் ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு அந்த ஊசி போடவில்லை என்று படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பையனைவிட அவளுக்காகத்தான் இதை எழுதினேன்.

---

வடமராட்சியாள் | செவ்வாய், காலை 7.20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கையில் 2008 தொடக்கத்தில் இதே ஐந்து நோய்த் தடுப்பூசியை அறிமுகப்படுத்தினார்கள். சில குழந்தைகள் இறந்ததும் சில மாதங்களுக்குள்ளேயே அரசு நிறுத்திவிட்டது. நிபுணர் குழு ஆராய்ந்து, ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்ன பிறகு 2010-இல்தான் மறுபடி தொடங்கினார்கள். நிறுத்தியதால் சனம் பயந்து மற்ற ஊசிகளையும் விட்டுவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. சந்தேகம் வந்தால் நிறுத்திப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் கூடியது.

எங்கட குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளை பிறந்த கிழமையே வீட்டுக்கு வந்துவிடுவார். நிறை பார்ப்பார், பால் குடிக்கிறதா என்று கேட்பார், அம்மா சாப்பிட்டாவா என்றும் கேட்பார். பிறகு அவரே கிளினிக்கில் ஊசி போடும்போது, அது முன்பின் தெரியாத கை இல்லை. போர்க்காலத்திலும் இது நின்றதில்லை என்று என் தாயார் சொல்லுவா. 2019-இல் தட்டம்மை ஒழிந்த நாடு என்று இலங்கைக்கு அறிவிப்புக் கிடைத்தது. 2023-இல் மறுபடி நோயாளிகள் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரும்பிவிடுகிறது.

---

நெக்கர்க்கரைக் கண்ணன் | செவ்வாய், காலை 11.15

பாலாற்றங்கரைக்குப் பதில்: ஆமாம், இங்கே தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு சட்டப்படி உண்டு. நேற்று உங்கள் பதிவைப் படித்தபோது என் வாதத்தில் பாதியை நான் சொல்லவே இல்லை என்று தெரிந்தது. சட்டத்தைச் சொன்னேன், கூடவே இருக்கும் பொறுப்பைச் சொல்லவில்லை. முதலில் இழப்பீடு, பதிவு, ஊருக்குள் நர்ஸ். அதெல்லாம் வந்த பிறகும் ஒரு பகுதியில் தொற்று வெடித்தால் அப்போது பள்ளி அளவில் கட்டாயம். இந்த வரிசைக்கு நான் சம்மதம். உங்களுக்கு?

---

பாலாற்றங்கரை | செவ்வாய், மதியம் 1.40

கடைசிப் படியைத் தவிர மற்றதெல்லாம் சம்மதம். தொற்று வெடித்த நேரத்தில்கூடப் பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இதே எம்.ஆர். ஊசிக்கு அதைத்தான் சொன்னது: பெற்றோர் மறுத்தால் பிள்ளைக்குப் போடக் கூடாது, யாருக்குப் போடக் கூடாது என்பதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும். வெடித்த நேரத்தில் போடாத பிள்ளை சில நாள் வீட்டில் இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை.

பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் வட இந்தியாவில் சில இடங்களில் வீட்டுக்குள் புகுந்து, பிடித்து வைத்து ஊசி போட்டார்கள். 1880-இலிருந்து கட்டாயச் சட்டம் இருந்தது. நோய் 1975-இல் ஒழிந்தது, நல்லது. ஆனால் அப்படிப் பிடிபட்டவர்கள் அடுத்த ஊசிக்காரரைக் கண்டு ஓடாமல் என்ன செய்வார்கள்? இளம்பிள்ளை வாதத்துக்குச் சட்டமே போடவில்லை. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மலட்டு மருந்து என்ற வதந்தி கிளம்பியபோது பள்ளிவாசல் இமாம்களும் உள்ளூர்ப் பெண்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். 2011 ஜனவரி 13, ஹௌராவில் ஒரு பெண் குழந்தை. அதுதான் கடைசி. எனக்கு அந்த வழி போதும்.

பிரபா, உங்கள் தம்பியைப் பற்றி வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி அழுதுவிட்டாள்.

---

நெறியாளர் | செவ்வாய், மாலை 5.00

இழையில் மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இரண்டு, 2017 குரல் பதிவின் இணைப்பு. ஒன்று, தென்றலை ஏசியது. தொடருங்கள்.

---

சுசீலா நர்ஸ் (ஓய்வு) | செவ்வாய், இரவு 7.30

தென்றல், நாளைக்குப் போகும்போது குழந்தைக்குத் தளர்வான சட்டை போட்டுப் போ. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. ஆத்தா மேல் அவர் வைத்த பக்தியோடு மல்லுக்கு நிற்காதே. என் ஊரில் ஒரு பாட்டியிடம், "ஆத்தா கோயிலுக்குப் போகும்போது பிள்ளைக்குச் செருப்புப் போட்டுத்தானே நடத்திக் கூட்டிப்போறீங்க" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் பேரனைக் கொண்டுவந்து நீட்டினார்.

---

செஞ்சித் தென்றல் | வியாழன், காலை 10.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று போட்டுவிட்டோம்.

மாமியாரும் வந்தார். அங்கன்வாடியில் ஏழு குழந்தைகள் இருந்தன. சீசாவைக் காட்டச் சொன்னேன். நர்ஸம்மா கோபித்துக்கொள்ளவில்லை, ஜன்னல் பக்கம் வந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வட்டத்துக்குள் சதுரம் வெள்ளையாக இருந்தது. கரைத்த நேரம் 10.40 என்று பேனாவால் எழுதியிருந்தார். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் பார்த்தார். பையன் அழுதான், பிறகு நர்ஸம்மாவின் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஐந்தாம் நாளிலிருந்து காய்ச்சல் வரலாம் என்று அவரே சொன்னார், மருந்து அளவையும் எழுதிக் கொடுத்தார். வேறு ஏதாவது என்றால் கூப்பிட அவர் நம்பரும் அட்டையில் இருக்கிறது.

2017-இல் எனக்கு யாராவது இப்படி ஒரு சீசாவைக் காட்டியிருந்தால் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

மகளிடம் நேற்று இரவு உண்மையைச் சொன்னேன். "எல்லாருக்கும் போட்டப்ப எனக்கு மட்டும் ஏம்மா போடல?" என்று கேட்டாள். பயந்துவிட்டேன் என்றேன். பிரபாவின் பதிவைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. டாக்டரிடம் தனிச்செய்தியில் கேட்டதற்கு, இந்த வயதிலும் போடலாம், நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணை, வெளியில் வாங்கிப் போட வேண்டும் என்றார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவளுக்கு முதல் ஊசி. அங்கே கேட்பதற்கு நோட்டில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். முதல் கேள்வி அந்தச் சதுரத்தைப் பற்றித்தான்.